துணி மடிக்கத் தெரிந்த மகனுக்கு வேலை: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மா,

அறிவுசார் குறைபாடுள்ள தங்கள் மகனுக்கு 24 வயதாகிறது என்றும், சிறப்புப் பள்ளியை முடித்து ஆறு ஆண்டுகளாக வீட்டிலேயே இருக்கிறார் என்றும், அரசு வேலைக்கு வழி உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணிகளில் 4 விழுக்காடு ஒதுக்குகிறது. அதில் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மனநோய், கற்றல் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்தே 1 விழுக்காடுதான். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையை (யுடிஐடி) வாங்கி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வையுங்கள். ஆனால் அதையே நம்பி இன்னும் சில ஆண்டுகளைக் கடத்திவிடாதீர்கள்.

துவைத்த துணிகளை ஓரம் பிசகாமல் மடித்து அடுக்குவார் என்று கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். ஜவுளிக்கடையில் வாடிக்கையாளர்கள் பிரித்துப் பார்த்துவிட்டுப் போன சேலைகள் மாலைக்குள் மலையாகக் குவிந்துவிடும். விற்பனையாளர்களுக்கு அவற்றை மடிக்க நேரமும் இருக்காது, பொறுமையும் இருக்காது. சலவையகம், தங்கும் விடுதி, மருத்துவமனையின் துணிப் பிரிவு ஆகிய இடங்களிலும் இதே தேவை உண்டு. எனவே தங்கள் மகன் தனியாக நடந்தோ, ஒரே பேருந்திலோ போய்வரக்கூடிய தொலைவில் இப்படிப்பட்ட இடங்கள் எவை என்று முதலில் பாருங்கள். முதலாளியிடம் இரக்கத்தைக் கேட்க வேண்டாம். மூன்று நாள் வேலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று மட்டும் கேளுங்கள்.

எல்லாவற்றையும் பயிற்சி மையத்தில் கற்றுக்கொண்ட பிறகுதான் வேலைக்கு அனுப்ப வேண்டும் என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. மையத்தின் மேசையில் கற்றதைக் கடையின் சந்தடியில் செய்ய அறிவுசார் குறைபாடுள்ளவர்களில் பலர் திணறுகிறார்கள். வேலையில் சேர்த்துவிட்டு, அங்கேயே ஒரு பயிற்றுநர் உடனிருந்து கற்றுக்கொடுப்பதே பலன் தருகிறது. வேலையின் படிகளைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டுவார். முதல் வாரம் பக்கத்திலேயே நிற்பார். பிறகு நான்கடி தள்ளி நிற்பார். அதன் பிறகு வாரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பார். நான் அறிந்த ஓர் இளைஞர் மடிப்பதில் ஒருநாளும் தவறியதில்லை. ஆனால் சாப்பாட்டு நேரம் அரைமணி தள்ளிப்போன அன்று அழுதுகொண்டே வீட்டுக்கு வந்துவிட்டார். அதைச் சரிசெய்ய மேற்பார்வையாளரிடம் ஐந்து நிமிடம் பேசியதே போதுமானதாக இருந்தது. இத்தகைய பயிற்றுநரைப் பற்றி முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலும், கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கென இயங்கும் தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையத்திலும் விசாரியுங்கள்.

சம்பளத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆண்டுக்கணக்கில் காகித உறை ஒட்டவைத்து, தீபாவளிக்கு ஒரு சட்டை கொடுத்து அனுப்புவதை வேலை என்று நான் ஒப்புக்கொள்வதில்லை. மற்றவர்களைப் போலவே மாதச் சம்பளம் அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். கணக்குத் தொடங்கச் சட்டக் காப்பாளர் (அவர் சார்பில் சட்டப்படி பொறுப்பேற்பவர்) சான்று கேட்டால், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம்.

அடுத்த இரண்டு வாரங்கள், அவர் யாரும் சொல்லாமல் தானாகச் செய்பவற்றையும், எவ்வளவு நேரம் அலுக்காமல் செய்கிறார் என்பதையும், எந்தச் சத்தத்துக்கு மிரள்கிறார் என்பதையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். என்னைப் பார்க்க வரும்போது அவரையும் அழைத்து வாருங்கள். வேலைக்குப் போகப்போகிறவர் அவர்தானே, எது பிடிக்கும் என்று அவரிடமே நான் கேட்க வேண்டும்.