முன்னால் எந்த டயர், பின்னால் எந்த டயர்: கிராவல் சைக்கிள் கேள்வி பதில்

கிராவல் சைக்கிள் என்றால் மண், சரளைக்கல் பாதைக்கான அகன்ற டயர் சைக்கிள். தென்னாப்பிரிக்காவின் பல ஊர்க்காரர்கள் அதன் டயர் பற்றிக் கேட்டவற்றுக்குப் பதில் இது. எல்லாருக்கும் ஒரே நீளத்தில் பதில் வராது. எடை, டயர் அகலம், ஓட்டும் பாதை எதையும் எழுதாமல் "எது நல்ல டயர்?" என்று மட்டும் கேட்டவர்களை விட்டுவிட்டேன்.

வெருலம் தம்பி: அண்ணா, கரும்புத் தோட்டத்து மண் பாதையில்தான் ஓட்டுகிறேன். முன்னும் பின்னும் ஒரே டயர் போட வேண்டுமா?

வேண்டாம் என்பதுதான் என் கட்சி. பின் சக்கரம் வழுக்கினால் இடுப்பை அசைத்துச் சமாளித்துவிடலாம், கொஞ்சம் பயம் வரும், அவ்வளவுதான். முன் சக்கரம் வழுக்கினால் என்ன நடந்தது என்று தெரிவதற்குள் தோள் தரையில் இருக்கும். அதனால் முன்னால் பிடிமானம்: அகலம் கூட, ஓரத்தில் நல்ல பட்டன் (மண்ணைக் கவ்வும் ரப்பர் மேடு) உள்ள டயர். பின்னால் உடம்பின் பாரம் அதிகம் இறங்குகிறது, உருளும்போது வீணாகும் சக்தியும் அங்கேதான் அதிகம், ஆகவே நடுவில் தாழ்ந்த, நெருக்கமான பட்டன் உள்ள வேகமான டயர். மேக்ஸிஸில் முன்னால் ராவேஜர், பின்னால் ராம்ப்ளர் என்று பலர் போடுவது இந்தக் கணக்கில்தான். கம்பெனி எதுவானாலும் கணக்கு மாறாது. வெட்டு நடக்கும் மாதங்களில் கரும்பு லாரிகள் ஓடி ஓடி அந்தச் செம்மண் மாவாகிக் கிடக்கும், வளைவில் அது எப்படி என்று உனக்குத் தெரிந்திருக்கும். முன்னால் 45 மில்லிமீட்டர் அகலம், பின்னால் 40 போடு.

சாட்ஸ்வொர்த்: முன்னால் 45, பின்னால் 40 என்றால் சைக்கிள் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்காதா?

5 மில்லிமீட்டர் தூக்கும். உங்கள் செருப்பு அதைவிடத் தடிமன்.

ஃபீனிக்ஸ்: எடை 75 கிலோ, 40 மில்லிமீட்டர் ட்யூப்லெஸ் (உள்ளே ட்யூப் இல்லாத டயர்). எவ்வளவு காற்று?

எடையையும் அகலத்தையும் எழுதியதற்கு நன்றி. முன்னால் 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), பின்னால் 33, இங்கிருந்து தொடங்குங்கள். எடை 5 கிலோ கூடினால் ஒரு பிஎஸ்ஐ ஏற்றுங்கள், குறைந்தால் ஒன்று இறக்குங்கள். 45 டயர் என்றால் இன்னும் மூன்று நான்கு குறைக்கலாம். ட்யூப் போட்டு ஓட்டுபவர்கள் அவ்வளவு இறங்க வேண்டாம், கல்லில் மோதினால் ட்யூப் நசுங்கிப் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். கல்லில் ரிம் 'டங்' என்று அடித்தால் காற்று குறைவு. அலை அலையாகக் கிடக்கும் பாதையில் பல் ஆடினால் கூடுதல். டயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் எண் உச்சவரம்பு, அதைப் பார்த்து அடிக்காதீர்கள். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தும் முடிவு செய்யாதீர்கள், காற்றழுத்தம் அளக்கும் மீட்டர் ஒன்று வாங்குங்கள்.

டோங்காட்: 80 கிலோ, 40 டயர். எவ்வளவு காற்று?

ஃபீனிக்ஸ்காரருக்குச் சொன்னதோடு ஒன்று சேருங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: நீங்கள் சொல்வது கடற்கரைப் பக்கத்துக்குச் சரி. மழைக்கு அப்புறம் கார்க்லூஃப் பக்கம் ஒரு ஏற்றம் ஏறிப் பாருங்கள், வழவழப்பான டயர் பின்னால் இருந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். மிதிக்கிற பலம் எல்லாம் பின்னால்தானே போகிறது? பட்டன் டயர் பின்னால், வேகமான டயர் முன்னால்.

முதல் பாதி சரி, இரண்டாம் பாதி ஆபத்து. ஏற்றத்தில் பின் சக்கரம் சுற்றினால் இறங்கித் தள்ளலாம். அதே ஏற்றத்தை அப்புறம் இறங்கித்தானே ஆக வேண்டும், அப்போது பிரேக் பிடித்தால் பாரம் முழுக்க முன்னால் வருகிறது, அங்கே வழுக்கும் டயரா? ஈரத்தில் ஓட்டுகிறவர் இரண்டிலும் பட்டன் போடட்டும், கேள்வியே இல்லை. மாற்றிப் போடாதீர்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: இரண்டிலும் பட்டன் போட்டால் தார் ரோட்டில் உயிர் போகிறதே.

போகட்டும். ஈர மண்ணில் வேகமும் பிடிமானமும் ஒரே டயரில் வராது. இன்னொன்று, பட்டன்கள் நெருக்கமாக இருந்தால் களிமண் அடைத்துக்கொண்டு பட்டன் இருந்தும் இல்லாத மாதிரிதான், இடைவெளி விட்டு அமைந்ததாகப் பாருங்கள்.

ஹோவிக்: பீட்டர்மாரிட்ஸ்பர்க் அண்ணன் பக்கம்தான் நான். ஏற்றத்தில் உட்கார்ந்தே மிதித்தால் தாழ்ந்த பட்டனும் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்படியென்றால் நீங்கள் என் பக்கம்.

லெனேசியா: பிரின்ஸ் ஆல்பர்ட்டிலிருந்து ஸ்வார்ட்பர்க் கணவாய் வழியாக ஔட்ஸ்ஹூர்ன் போகிறோம், நாலைந்து பேர். அந்த வறண்ட கரூ பகுதியின் முள்ளுக்கு என்ன செய்வது?

நல்ல கேள்வி, நல்ல பாதை. தாமஸ் பெயின் போட்டு 1888இல் திறந்தது, இன்றைக்கும் தார் கிடையாது, உச்சி 1,500 மீட்டருக்கு மேல். முள்ளைவிடக் கூர்மையான கற்களுக்குத்தான் பயப்பட வேண்டும், அவை டயரின் பக்கத்தைக் கிழிக்கும். எனவே இரண்டு டயரிலும் பக்கம் வலுவாக்கப்பட்ட ரகம், பாரம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. நெருஞ்சிக்கு ட்யூப்லெஸ்ஸும் சீலண்டும் (டயருக்குள் ஊற்றும், ஓட்டையை அடைக்கும் திரவம்) போதும், ஆனால் வெயிலில் சீலண்ட் சீக்கிரம் காய்ந்துவிடும், கிளம்புவதற்கு முந்தின வாரம் திறந்து பார்த்துப் புதிதாக ஊற்றுங்கள். முள்ளைப் பிடுங்கியதும் ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி நிறுத்தினால் திரவம் அங்கே இறங்கி அடைக்கும். அடைக்காத அளவு பெரிய ஓட்டைக்கு ரப்பர் திரி, அதற்கும் அடங்காவிட்டால் ட்யூப். ட்யூப் போடுவதற்கு முன்னால் டயரின் உட்பக்கத்தைத் துணியால் தடவிப் பார்த்து முள்முனைகளை ஒவ்வொன்றாக எடுங்கள். இல்லாவிட்டால் அந்த ட்யூபும் பத்து நிமிடத்தில் போகும்.

ஸ்டாங்கர் அக்கா: தம்பி, பின் டயர் தேய்ந்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்கி எங்கே போடுவது?

முன்னால் போடுங்கள் அக்கா. இப்போது முன்னால் இருப்பதைப் பின்னால் மாற்றிவிட்டு, தேய்ந்ததைக் குப்பையில் போடுங்கள். மொட்டை டயரை "இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்று முன்னால் போடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், அதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

ஐசிபிங்கோ: எவ்வளவு காற்று?

மேலே.

பெனோனி: மின்சார சைக்கிள் பேட்டரி பற்றி...

அதற்கு வேறு ஆளைக் கேளுங்கள்.

டர்பன்: சகோதரா, என் ஃப்ரேமில் 45 நுழைகிறது, ஆனால் இடைவெளி சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. ஓட்டலாமா?

காய்ந்த மண்ணில் ஓட்டலாம். ஈரக் களிமண்ணில் சக்கரம் அப்படியே நின்றுவிடும், உள்ளே சிக்கும் கல் ஃப்ரேமின் பெயிண்டை அரத்தால் ராவுகிற மாதிரி ராவிவிடும். இரண்டு பக்கமும் தலா 6 மில்லிமீட்டர் இருந்தால் நிம்மதி. ஃப்ரேமுக்குத்தான் இடம் குறைவு, முன் ஃபோர்க்கில் பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் இருக்கும், அளந்து பாருங்கள். டயரில் எழுதிய அகலத்தை நம்பாமல், ரிம்மில் மாட்டிக் காற்று நிரப்பி ஒரு நாள் விட்டு அளக்க வேண்டும், அகன்ற ரிம்மில் 45 என்பது 46, 47 கூட வரும். பின்னால் 40 போட்டுவிடுங்கள்.