போர்த்துவதற்குத்தான் தைத்தேன்

துணித்துண்டுகளை இணைத்துத் தைக்கும் குவில்ட் போர்வையைப் பற்றி இரண்டு மாதம் முன்பு இந்தப் பக்கத்தில் நாலு வரி எழுதினேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியேதான். ஜிப் மாற்றுவது, கைப்பைக்கு லைனிங் கொடுப்பது பற்றிக் கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம், அடுத்த இதழில் பார்ப்போம். போர்வைக் கடிதங்களிலிருந்து சிலவற்றைப் பொறுக்கியெடுத்திருக்கிறேன்.

கேள்வி: மெஷினில் நேர்த்தையல் மட்டும்தான் எனக்கு வரும். வீட்டில் பழைய காட்டன் துணி ஒரு மூட்டை கிடக்கிறது. முதல் போர்வையை எப்படித் தொடங்குவது? படங்களைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது.

நேர்த்தையல் வந்தால் போதும். நட்சத்திரம், அறுகோணம் எல்லாம் அடுத்த வருஷத்துக்கு. இப்போதைக்குச் சதுரம். 5 அங்குலச் சதுரங்களாக 120 வெட்டுங்கள். அகலத்தில் 10, நீளத்தில் 12. ஒவ்வொரு பக்கமும் தையல் கால் அங்குலத்தை விழுங்கிவிடுவதால், தைத்து முடித்ததும் ஒரு சதுரம் 4½ அங்குலம்தான் நிற்கும். ஆக 45க்கு 54 அங்குலம். உட்கார்ந்து படிக்கும்போது மடிமேல் போட்டுக்கொள்ள அளவான போர்வை.

அந்தக் கால் அங்குலத்தில்தான் எல்லாச் சூட்சுமமும். என் முதல் போர்வைக்கு, துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தின் ஓரத்தை நம்பித் தைத்தேன். அது கால் அங்குலத்தைவிட அரைக்கால் அங்குலம் அதிகம் என்பது அப்போது தெரியாது. அரைக்கால் அங்குலம்தானே என்று தோன்றும். ஒரு சதுரத்துக்கு இரண்டு பக்கம், ஆகக் கால் அங்குலம் போச்சு. பத்துச் சதுரத்துக்கு இரண்டரை அங்குலம். மொத்தமும் சுருங்கியிருந்தாலாவது பரவாயில்லை. பாதி வரிசைகளை இன்னொரு நாள் வேறு பாதம் மாட்டித் தைத்திருந்தேன். ஒரு வரிசை நெட்டை, அடுத்தது குட்டை. உட்கார்ந்து முழுவதையும் பிரித்தேன்.

உங்களுக்கு அந்தப் பாடு வேண்டாம். ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டிப் பக்கம் பக்கமாக இணைத்துத் தையுங்கள். இஸ்திரி போட்டு நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக ஒரு அங்குலம் இருந்தால் உங்கள் தையல் சரி. இல்லையென்றால், ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளி மெஷின் மேல் ஒரு டேப் ஒட்டி, துணியின் ஓரத்தை அதை ஒட்டியே ஓட்டுங்கள்.

வெட்டும் முன் எல்லாத் துணியையும் அலசிக் காயவையுங்கள். அடர் சிவப்பு, கருநீலம் இருந்தால் ஈரமாக இருக்கும்போதே ஒரு வெள்ளைத் துணியை அதன்மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதைச் சேர்க்காதீர்கள். அப்புறம் இஸ்திரி. முதல் வரிசையின் தையல் மடிப்புகளை வலப்பக்கமாகச் சாய்த்தால், அடுத்த வரிசையை இடப்பக்கமாகச் சாயுங்கள். இரண்டு வரிசையையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து விரலால் தடவினால், ஒரு மேடு இன்னொரு மேட்டின் பக்கத்தில் சட்டென்று போய் உட்காரும். நாலு மூலையும் ஒரே புள்ளியில் சேரும். முதல்முறை அப்படிச் சேர்ந்தபோது வீட்டில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். யாருக்கும் அதில் என்ன விசேஷம் என்று புரியவில்லை.

கேள்வி: என் கணவர் காலமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. அவருடைய பதினேழு சட்டைகள் அலமாரியில் அப்படியே தொங்குகின்றன. அவற்றில் போர்வை தைத்து மகனுக்கும் மகளுக்கும் கொடுக்க ஆசை. கத்தரியை எடுத்தால் கை வரமாட்டேன் என்கிறது.

கை வராத நாளில் வெட்டாதீர்கள் அம்மா. சட்டை எங்கும் போய்விடாது. கை வரும் நாளில் முதுகுப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். தையல் குறுக்கிடாத பெரிய துணி அங்கேதான் கிடைக்கும். அதோடு, முன்பக்கம் மாதிரி அது நம்மைப் பார்த்துக்கொண்டும் இருக்காது. என் அப்பாவின் சட்டையில் நான் போய் முதலில் காலரில் கத்தரி வைத்தேன். உள்மடிப்பில், கழுத்து உரசி உரசி வெளுத்த ஒரு கோடு. அன்றைக்கு வேலை அதோடு சரி. மறுபடி கத்தரியை எடுக்க நாலு மாதம் ஆனது.

பாக்கெட்டுகளைப் பிரிக்க வேண்டாம். பாக்கெட் நடுவில் வரும்படி ஒரு சதுரத்தை வெட்டுங்கள். என் தம்பி மகள் அதில்தான் மூக்குக்கண்ணாடியை வைத்துவிட்டுத் தூங்குகிறாள். ஒரே ஒரு சட்டையில் மட்டும் நான் பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தேன். அதன் அடியில், வாங்கின நாளின் நீலம் அப்படியே இருந்தது. அந்தச் சதுரத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. அது என் போர்வையில் இருக்கிறது.

பட்டன் பட்டையைச் சேர்ப்பதானால் போர்வையின் ஓரத்துப் பக்கம் வையுங்கள். நடுவில் வந்தால் புரண்டு படுக்கும்போது குத்தும்.

உங்களுக்கு முன்னாலும் ஒருத்தர் இதைச் செய்திருக்கிறார். அமெரிக்காவின் அலபாமாவில், ஆறு வளைந்து சுற்றிப்போகும் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரில், 1942ல் மிசூரி பெட்வே என்பவர் இறந்துபோன தன் கணவரின் வேலை உடுப்புகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். உழைத்துச் சாயம் போன துணிகள். அவரை நினைத்துக்கொள்ளவும், அந்த அன்பை மேலே போர்த்திக்கொண்டு படுக்கவும்தான் அம்மா அதைத் தைத்தார் என்று மகள் ஆர்லோன்சியா பிற்காலத்தில் சொன்னார். அந்த ஊர்ப் பெண்களின் போர்வைகள் 2002ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கின. தைத்தவர்கள் சுவரை நினைத்துத் தைக்கவில்லை, குளிருக்குத் தைத்தார்கள்.

கேள்வி: எட்டு மாதம் உட்கார்ந்து தைத்த போர்வையை நாத்தனார் மகள் புது வீடு போனபோது கொடுத்தேன். போன வாரம் அங்கே போனால், அதை நாய்க்கு விரித்துப் போட்டிருக்கிறாள். கேட்கலாமா அக்கா?

கேட்காதீர்கள். வயிறு எரியத்தான் செய்யும், தெரியும். ஆனால் என்னிடம் இதைவிட மோசமான கதை ஒன்று இருக்கிறது.

சித்தி மகளுக்கு ஒரு லாக் கேபின் போர்வை கொடுத்தேன். நடுவில் ஒரு சிவப்புச் சதுரம், அதைச் சுற்றிப் பட்டை பட்டையாக வளர்ந்துகொண்டே போகும் வடிவம். நடுச்சிவப்பு, வீட்டுக் கணப்பின் நெருப்பு என்று சொல்வார்கள். கொடுத்துப் பதினோரு வருஷம் கழித்து அவள் வீட்டில் தங்கப்போனேன். "அக்கா, எவ்வளவு பத்திரமா வச்சிருக்கேன் பாருங்க" என்று அலமாரியின் மேல்தட்டிலிருந்து இறக்கினாள். நான் கட்டிக் கொடுத்த அதே பிளாஸ்டிக் உறை. முடிச்சுக்கூட என்னுடையதுதான். பிரித்தால் குப்பென்று முக்கல் வாடை. மடிப்புக் கோடுகள் எல்லாம் மஞ்சள். ஒரு மடிப்பில் துணி இழை விட்டிருந்தது. "ரொம்ப நல்லா இருந்துச்சு, போர்த்திக்க மனசே வரல" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். அவளை என்ன திட்டுவது?

அன்று மதியமே வாளியில் ஊறவைத்து அலசி, நிழலில் காயப்போட்டு, ராத்திரி அவள் கட்டிலில் விரித்து இதில்தான் படுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். புரண்டுகூடப் படுக்காமல், விருந்தாளி மாதிரி விறைத்துக்கொண்டு தூங்கினாள். அடுத்த வருஷம் ஒருநாள் போன். "அக்கா, பையன் போர்வையில மையைக் கொட்டிட்டான், கறை எப்படிப் போகும்?" அவள் அதற்கு முன் எத்தனையோ தடவை நன்றி சொல்லியிருக்கிறாள். எனக்குக் காதில் இனித்தது இந்த போன்தான். கறை முழுசாகப் போகவில்லை, அது வேறு விஷயம்.

எடுத்து வைக்கத்தான் வேண்டும் என்றால், பழைய காட்டன் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, வேறு இடத்தில் மடிப்பு விழும்படி மடியுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மீந்த துண்டுகளில் நாய்க்கென்று தனியாக ஒன்று தைத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு வார்த்தை பேச வேண்டாம். பெரியது கட்டிலுக்குப் போனாலும் போகும். போகாவிட்டால், அந்த நாய்க்கு இரண்டு போர்வை.

கேள்வி: பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்குத் தைக்கிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

ஒரு வயது ஆகும்வரை தூங்கும் குழந்தையின் மேலோ, தொட்டிலிலோ போர்வை வேண்டாம். முகத்தை மூடிக்கொண்டால் விலக்கத் தெரியாது. தரையில் விரித்துக் குப்புற விழவும் தவழவும் விடுங்கள், அதுவும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது. பட்டன், மணி, ரிப்பன் எதுவும் கூடாது. அடிக்கடி துவைக்க நேரும், வெள்ளை பார்டருக்கு ஆசைப்படாதீர்கள்.

கேள்வி: எங்களோடு வேலை பார்ப்பவர் நீண்ட சிகிச்சையில் இருக்கிறார். நாங்கள் எட்டுப் பேர் ஆளுக்கொரு கட்டம் தைத்து, இணைத்துக் கொடுக்க நினைக்கிறோம். மூன்று பேருக்கு ஊசி பிடிக்கவே தெரியாது. அசிங்கமாக இருக்குமோ?

ஒழுங்காக இருக்காது. அதனால் என்ன? 1942ல், சிங்கப்பூர் சாங்கி சிறையில் ஜப்பானியர்கள் அடைத்து வைத்திருந்த பெண்கள் போர்வைகள் தைத்தார்கள். ஆண்களை அதே சிறையில் வேறு பகுதியிலும், பிடிபட்ட வீரர்களைச் சிறைக்கு வெளியே முகாமிலும் வைத்திருந்தார்கள். கணவன் உயிரோடு இருக்கிறானா என்று மனைவிக்குத் தெரியாது, மனைவி இருக்கிறாளா என்று கணவனுக்கும் தெரியாது. ஒரு போர்வைக்கு 66 சதுரங்கள். ஒவ்வொருத்தியும் தன் சதுரத்தில் ஒரு பூவோ, வீடோ, ஏதோ ஒன்றைத் தைத்துப் பெயரையும் போட்டாள். காயம்பட்ட வீரர்களுக்கு என்று சொல்லி அனுப்பினார்கள். பிரிட்டிஷாருக்கு ஒன்று, ஆஸ்திரேலியர்களுக்கு ஒன்று, அனுமதி கிடைக்கவேண்டுமே, அதனால் ஜப்பானியர்களுக்கும் ஒன்று. அந்தப் பக்கம் அதைப் பார்த்தவர்களுக்கு ஒவ்வொரு பெயரும் 'இருக்கிறேன்' என்கிற சேதி. தையல் நேராக இருந்ததா என்றா பார்த்திருப்பார்கள்?

வேலைக்கு வருவோம். எல்லோருக்கும் ஒரே துணியை, தேவையைவிட ஒரு அங்குலம் பெரிதாக வெட்டிக் கொடுங்கள். எம்பிராய்டரி போட்டால் துணி இழுத்துச் சுருங்கும். கடைசியில் ஒரே ஆள் எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு நறுக்கட்டும். ஊசி பிடிக்கத் தெரியாதவர்கள் துவைத்தாலும் போகாத துணிப் பேனாவால் பெயர் எழுதினால் போதும். அவர் இருக்கும் வார்டில் வெளியிலிருந்து போர்வை கொண்டுவர அனுமதி உண்டா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் என்றால் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டம் வரும். ஒன்பதாவதை வெறுமையாக விடுங்கள். அவர் வந்து தைக்கட்டும்.

கேள்வி: "எனக்கும் ஒன்று தைத்துக் கொடேன், துணி நான் தருகிறேன்" என்று எல்லோரும் கேட்கிறார்கள். எப்படி மறுப்பது?

துணி தருவார்கள், சரி. நேரம்? ஒரு பெரிய போர்வைக்கு நான் நோட்டில் குறித்துவைத்த கணக்கு: வெட்ட 9 மணி நேரம், இணைக்க 21, கையால் ஓட்டுத்தையல் போட 88, ஓரம் கட்ட 7. ஆக 125. இந்த நோட்டைக் காட்டினாலே பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அந்த 88 மணி நேரத்தை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் ஊக்குப் போட்டு நிறுத்தி, குட்டை ஊசியால் தைப்பது. மேல்கை ஊசியைக் குத்தும். அடியில் இருக்கும் கையின் விரல் நுனி, ஊசிமுனை தொட்டதும் அதை மேலே தள்ளும். நாலு தையல் ஊசியில் ஏறியதும் ஒரே இழுப்பு. நூல் பஞ்சுக்குள் போகும்போது ஒரு சத்தம் வரும், காகிதத்தில் பென்சில் போவது மாதிரி. அரை மணி நேரத்தில் மனசில் இருந்த சண்டையெல்லாம் அடங்கிவிடும். அடி விரலில் தோல் தடித்துப்போகும், அது போனால் போகட்டும்.

கேட்பவர்களிடம், "சனிக்கிழமை வந்து என்னோடு உட்கார், கற்றுத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். நான் ஆறு பேரிடம் சொன்னேன், இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி இப்போது என்னைவிட நன்றாகத் தைக்கிறாள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

கேள்வி: போர்வையைக் கொடுத்த பிறகுதான் ஒரு கட்டம் தலைகீழாக இருப்பதைப் போட்டோவில் பார்த்தேன். சொல்லிவிடலாமா, வாங்கிச் சரிசெய்து கொடுப்பதா?

இரண்டும் வேண்டாம். தோழி ஒருத்திக்குக் கொடுத்ததில் எனக்கும் இப்படி ஆனது. மேல் வரிசையில் ஒரு பறவை மட்டும் மல்லாந்து கிடந்தது. இரண்டு வருஷம் அதை நினைத்து நினைத்துக் கூசிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவள் வீட்டில், ஐந்து வயது மகள் போர்வையைப் படுக்கையில் இழுத்துப்போட்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி எதையோ தேடிக்கொண்டிருந்தாள். என்னம்மா தேடறே என்றேன். "தூங்கற குருவி எங்கேன்னு பாக்கறேன். அது இருக்கற பக்கம்தான் தலைமாடு."