பயிற்சிக் கேள்விகள் குழப்பினால் படிப்பை விட்டுவிடலாமா?

நிதி, முதலீட்டுத் துறையினர் எழுதும் சிஎஃப்ஏ தேர்வின் முதல் நிலைக்குப் படிப்பதாகவும், பயிற்சிக் கேள்விகளில் பாதி புரியவில்லை என்றும், விளக்கத்தைப் படித்தால் குழப்பம் கூடுகிறது என்றும், பத்திர விலைக் கணக்குகளில் உங்கள் விடை எப்போதும் சற்றுத் தள்ளியே வருகிறது என்றும் எழுதி, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை முடிந்து பெருவிரைவு ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் பத்துக் கேள்விகள், வீட்டில் எல்லாரும் உறங்கிய பிறகு இருபது கேள்விகள் என்றுதான் நீங்களும் படிப்பீர்கள் என்று எண்ணுகிறேன். நான் அப்படித்தான் படித்தேன். இரண்டாம் முயற்சியில்தான் தேறினேன். ஒரே முயற்சியில் தேறியவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். நான் தவறிய 2021 ஜூலைத் தேர்வில் 22 விழுக்காட்டினரே தேறினார்கள் என்பதை மட்டும் அவர்களுக்கு நினைவூட்டுகிறேன்.

என்னை வாட்டிய கேள்வி மிக எளியது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் 1,000 டாலர் கிடைக்கும், வட்டி 6 விழுக்காடு, இன்றைய மதிப்பு என்ன? எனக்கு 4,465 வந்தது. கொடுக்கப்பட்ட மூன்று விடைகளில் அதுவும் ஒன்றாக இருந்ததால் சந்தேகமே எழாமல் அதைத் தேர்ந்தெடுத்தேன். சரியான விடை 4,212 என்று வந்ததும், கேள்வி தயாரித்தவர்தான் தவறு செய்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். அதே பாடத்தில் அடுத்தடுத்து ஏழெட்டுக் கேள்விகள் இப்படியே ஆயின. விளக்கத்தில் இருந்த சூத்திரமும் நான் போட்ட சூத்திரமும் ஒன்றுதான். இரண்டு இரவுகள் இதிலேயே போயின.

ஞாயிற்றுக்கிழமை ஈசூன் வீட்டுக்கு வந்த என் சித்தி மகள், பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிப்பவள், என் கணிப்பானைச் சும்மா எடுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, மேலே சின்னதா ஏதோ எழுத்து இருக்கே, அது எப்பவும் இருக்குமா?" என்று கேட்டாள். 'பிஜிஎன்' என்ற மூன்று ஆங்கில எழுத்துகள். தேர்வில் அனுமதிக்கப்படும் பிஏ 2 பிளஸ் கணிப்பானில், பணம் ஆண்டின் தொடக்கத்தில் வருவதாகக் கணக்கிடும் முறைக்கு அது அடையாளம். இறுதியில் வருவதாகக் கணக்கிடும்போது திரையில் எந்த எழுத்தும் இராது. ஒரு வாரத்திற்கு முன் ஏதோ வாடகைக் கணக்கிற்காக நான் அதை மாற்றியிருக்கிறேன். முந்தைய எண்களை அழிக்கும் பொத்தானை ஒவ்வொரு கணக்கிற்கும் முன்னால் அழுத்திக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அது எண்களை அழிக்குமே தவிர, இந்த முறையை மாற்றாது.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றுதான் 4,465 எப்படி அந்த மூன்று விடைகளில் ஒன்றாக வந்தது என்று யோசித்தேன். 4,212ஐ 1.06ஆல் பெருக்கினால் அதுதான் வரும். ஆண்டின் தொடக்கத்தையும் இறுதியையும் குழப்பிக்கொள்பவர் எங்கே போய் நிற்பார் என்று கணக்கிட்டே அந்த எண்ணை அங்கே வைத்திருக்கிறார்கள். அதன் பிறகு, விடை தவறினால் உடனே விளக்கத்தைத் திறப்பதை நிறுத்திவிட்டேன். நான் ஏன் இதைத் தேர்ந்தெடுத்தேன் என்று ஒரு வரி எழுதுவேன். பிறகு என்ன பிழை செய்தால் இந்த எண் வரும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுவேன். விளக்கம் சரியான வழியைக் காட்டுமே ஒழிய, நாம் எந்தத் திருப்பத்தில் வழி மாறினோம் என்று அதற்குத் தெரியாது. இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பீர்கள். 135 நிமிடத்தில் 90 கேள்விகள், அதாவது கேள்விக்கு ஒன்றரை நிமிடம் என்பது தேர்வு அறைக்கு உரிய கணக்கு. வீட்டில் ஒரு கேள்விக்கு அரை மணி நேரம் செலவழிப்பதை யாரும் தடுக்கவில்லை.

கணக்கில்லாத கேள்விகளுக்கும் இது பொருந்தும். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். மதிப்புக் குறைத்த சரக்கிருப்பின் விலை மீண்டும் ஏறினால், குறைத்ததைத் திருப்பி எழுதலாம் என்பது எனக்குக் கைவந்த பழக்கம், ஏனெனில் சிங்கப்பூரின் கணக்கியல் நெறிமுறைகள் அனைத்துலக நெறிமுறைகளை ஒட்டியவை. இதைப் பற்றிய ஒரு பயிற்சிக் கேள்வியின் முதல் வரியில் 'அமெரிக்க நெறிமுறைப்படி' என்று இருந்ததை என் கண் தாண்டிப் போயிற்று. அங்கே அப்படித் திருப்பி எழுத இடமில்லை. தெரியாத பாடத்தைவிடத் தெரிந்த பாடத்தில்தான் நான் அதிகம் தவறினேன்.

எல்லாப் பழியையும் மாணவர் மீதே போடுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் பணம் கட்டி வாங்கிய ஒரு கேள்வித் தொகுப்பில், விளக்கத்தின் கணக்கு மூன்றாம் விடையில் போய் முடிய, கீழே 'ஆகவே இரண்டாம் விடையே சரி' என்று இருந்தது. மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பினேன். பாடநூலை மீண்டும் படிக்குமாறு பதில் வந்தது. சிஎஃப்ஏ கழகமே தன் பாடநூலுக்குப் பிழைதிருத்தப் பட்டியல் வெளியிடுகிறது. காசு வாங்கியவர்களுக்கு மட்டும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. ஆனாலும், என் பிழையை மூன்று விதமாகத் தேடிப் பார்த்த பிறகே கேள்வியின் மீது குற்றம் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். அப்படித் தேடிய பிறகும் மிஞ்சிய தவறான கேள்விகள் மிகச் சிலவே.

இப்போது உங்கள் பத்திரக் கணக்கு. பத்தாண்டுப் பத்திரம், கூப்பன் (பத்திரம் தரும் வட்டி) ஆண்டுக்கு 6 விழுக்காடு, சந்தை ஈட்டு விகிதம் (சந்தை எதிர்பார்க்கும் வருவாய்) 8 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கூப்பன் வருவதாகக் கணக்கிட்டால் நூறு டாலருக்கு விலை 86.58, அரையாண்டுக்கு ஒருமுறை என்றால் 86.41. உங்கள் விடை 'சற்றுத் தள்ளி' வருவது இந்த அளவில்தான் என்றால், விகிதத்தையும் கூப்பனையும் இரண்டால் வகுக்கவும், காலத்தை இரண்டால் பெருக்கவும் மறந்திருக்கிறீர்கள். வித்தியாசம் இதைவிடப் பெரியது என்றால், கேள்வியையும் உங்களுக்கு வந்த எண்ணையும் இங்கேயே எழுதுங்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்க்கிறேன்.