போர்வெல் மோட்டார் கருவிக்குக் காப்புரிமை கிடைக்குமா?

கேள்வி: ஐயா, வணக்கம். காரைக்குடியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் புதுவயல் பக்கம். போர்வெல்லில் தண்ணீர் வற்றியது தெரியாமல் ஓடிக் கருகிப்போன மோட்டார்கள்தான் எனக்குப் பாதி வேலை. அதைத் தடுக்க, மூன்று ஃபேஸ் நீர்மூழ்கி மோட்டாருக்கு ஒரு பெட்டி செய்திருக்கிறேன். ஒரு ஃபேஸ் போனாலும் வோல்டேஜ் இறங்கினாலும் நிறுத்திவிடும். செல்போனில் இருந்தே போடலாம், அணைக்கலாம். தண்ணீர் வற்றுவதை ஆம்பியரை வைத்து மட்டும் பார்க்காமல், வோல்டேஜுக்கும் கரன்ட்டுக்கும் இடையே உள்ள கோணத்தை வைத்துக் கண்டுபிடிக்கும். வற்றுவதற்கு முன் அந்தக் கோணம் எவ்வளவு வேகமாக மாறியது என்று பார்த்து, எத்தனை நிமிடம் ஊற விட்டு மறுபடி ஓட்டலாம் என்று அதுவே முடிவு செய்யும். புரோகிராம் எழுதியது என் அக்கா மகன், இன்ஜினியரிங் கடைசி வருடம். இதையே கல்லூரியில் புராஜெக்டாகக் கொடுக்கிறேன் என்கிறான். பங்காளிகள் இருவர் தோட்டத்தில் காசு வாங்காமல் மாட்டிப் பார்த்து வருகிறேன். யூடியூபில் ஒரு வீடியோவும் போட்டிருக்கிறேன். புதுவயல் அரிசி ஆலைக்காரர்களும் கேட்கிறார்கள். காப்புரிமை கிடைக்குமா?

பதில்: உங்கள் அக்கா மகன், அந்தத் தம்பி, புராஜெக்ட் அறிக்கையைக் கல்லூரியில் கொடுப்பதற்கு முன் இந்தப் பதிலை அவரும் படித்துவிடட்டும். உங்கள் கடிதத்தில் அவசரமான விஷயம் அதுதான். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பெட்டி மொத்தத்துக்கும் சேர்த்துக் காப்புரிமை கிடைக்காது. அதற்குள் இருக்கும் ஒரே ஒரு காரியத்துக்குக் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது: ஓய்வு நேரத்தைக் கருவியே கணக்கிடும் அந்த முறை. மற்ற எல்லாம் அதற்குத் துணைதான்.

1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மூன்று கேள்வி கேட்கிறது. புதியதா? அந்தத் தொழில் தெரிந்த ஒருவருக்கு யோசித்தாலே தோன்றிவிடாத தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார மதிப்போ அதில் இருக்கிறதா? தொழிலில் பயன்படுமா? மூன்றாவது உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. இவற்றைத் தாண்டினாலும், 3-ஆம் பிரிவில் ஒரு விலக்குப் பட்டியல் இருக்கிறது. உங்களைத் தொடுவது அதில் இரண்டு: 3(எஃப்), 3(கே). விவசாயத்துக்குப் பயன்படுவதால் 3(எச்) குறுக்கே வருமோ என்று சிலர் பயப்படுவார்கள். அது விவசாய முறைகளைத்தான் விலக்குகிறது, கருவியை அல்ல.

ஏற்கெனவே தெரிந்த சாதனங்களை ஒன்றாகச் சேர்த்து வைத்து, ஒவ்வொன்றும் தன் வேலையைத் தனித்தனியே பழைய மாதிரியே செய்தால் அது கண்டுபிடிப்பு இல்லை என்கிறது 3(எஃப்). ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டரும் செல்போன் ஸ்டார்ட்டரும் கடையில் கிடைக்கும் சரக்கு. இரண்டையும், தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்தும் டிரை ரன் ரிலேயோடு ஒரே பெட்டியில் வைத்தது வாடிக்கையாளருக்கு வசதி. சட்டத்தின் கண்ணில் அடுக்கி வைத்ததுதான்.

கோணத்துக்கு வருவோம். ஆம்பியரை மட்டும் நம்பும் ரிலே ஏன் ஏமாறுகிறது என்பது பட்டறைக்காரரான உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தண்ணீர் இல்லாமல் ஓடும்போது மோட்டார் இழுப்பது பெரும்பாலும் காந்தப்புலத்தை உண்டாக்கும் கரன்ட். நீர்மூழ்கி மோட்டாரில் இதுவே அதிகம், வோல்டேஜ் ஏறினால் அதுவும் கூடவே ஏறும். ராத்திரியில் வோல்டேஜ் உயரும்போது வெறும் ஓட்டத்தின் ஆம்பியர், நீங்கள் வைத்த எல்லையைத் தாண்டிவிடும். ரிலே ‘தண்ணீர் வருகிறது’ என்று நினைத்துக்கொள்ளும், காலையில் காயில் உங்கள் பட்டறைக்கு வரும். கோணத்தையும் சேர்த்துப் பார்த்தால் இந்தக் குழப்பம் பெருமளவு தீரும். நல்ல தீர்வு. ஆனால் புதியது இல்லை. அமெரிக்காவின் நாசாவில் பணியாற்றிய ஃபிராங்க் நோலா என்ற பொறியாளர், தூண்டல் மோட்டாரின் வோல்டேஜ்-கரன்ட் கோணத்தைப் பார்த்துச் சுமையை அறிந்து அதற்கேற்ப வோல்டேஜைக் குறைக்கும் கருவிக்கு 1977-லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். அவர் நோக்கம் மின்சாரச் சிக்கனம், உங்களுடையது மோட்டாரைக் காப்பது. இருந்தாலும் ‘கோணம் சுமையைக் காட்டும்’ என்ற அறிவு அன்றே வெளியாகிவிட்டது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் காப்புரிமை அலுவலக ஆய்வாளர் அந்த ஆவணத்தை உங்கள் முன் வைப்பார்.

ஆக, மிஞ்சுவது ஓய்வு நேரம். இங்கேதான் நீங்கள் உழைக்க வேண்டும்.

நிறுத்திய பிறகு அரை மணி, ஒரு மணி என்று டைமர் வைத்து மறுபடி ஓட்டும் கருவிகள் பழையவை. உங்களுடையதில் வித்தியாசம், அந்த நேரம் கிணற்றைப் பார்த்து மாறுகிறது என்பது. நீர்மட்டம் இறங்க இறங்கப் பம்ப் உயர்த்த வேண்டிய உயரம் கூடும், வெளியே வரும் தண்ணீர் குறையும், மோட்டாரின் சுமையும் மெல்லக் குறையும். அந்த இறக்கத்தின் வேகத்தில் ஊற்றின் பலத்தைப் படிக்கிறீர்கள். படித்ததும் எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. நம் பகுதியில் சித்திரையில் ஒரு மணி நேரம் ஊற வேண்டிய போர், ஐப்பசி மழைக்குப் பிறகு பத்து நிமிடத்தில் ஊறிவிடும். நிலையான டைமர் இரண்டு பருவத்திலும் தப்பாகவே வேலை செய்யும்.

ஆனால் விவசாயப் பம்ப்புகளை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு ‘யாரும் செய்யவில்லை’ என்று முடிவு செய்யாதீர்கள். உங்களுக்கு மிக நெருங்கிய பழைய அறிவு எண்ணெய்க் கிணறுகளில் இருக்கிறது. கிணறு வற்றியதும் பம்ப்பை நிறுத்தி, எண்ணெய் ஊறிய பிறகு ஓட்டும் ‘பம்ப் ஆஃப்’ கன்ட்ரோலர்கள் அங்கே பல பத்தாண்டுகளாக உள்ளன. இந்தச் சொல்லையும் போட்டுத் தேடுங்கள். அவற்றில் நிறுத்துவதற்கு எதை அளக்கிறார்கள், ஓய்வு நேரத்தை எதை வைத்து மாற்றுகிறார்கள் என்று ஒரு நோட்டில் பக்கம் பிரித்து எழுதுங்கள். நிறுத்தத்துக்கு முந்தைய கோண மாற்றத்தின் வேகத்தில் இருந்து ஓய்வைக் கணக்கிடுவது எந்த ஆவணத்திலும் இல்லை என்றால் உங்கள் நிலை பலம். இருந்துவிட்டால், விண்ணப்பச் செலவு மிச்சம்.

தேடும் இடங்கள் எல்லாம் இலவசம்: இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தளம், ஐரோப்பியர்களின் எஸ்பாஸ்நெட், கூகுள் பேட்டன்ட்ஸ். சொல்லை வைத்துத் தேடுவதோடு வகைப்பாட்டு எண்ணை வைத்தும் தேடுங்கள். மோட்டார் கட்டுப்பாடு எச்-02-பி (H02P). மோட்டாரின் பாதுகாப்புச் சுற்றுகள் எச்-02-எச் (H02H) 7/08, வோல்டேஜ் குறைவும் ஃபேஸ் போவதும் 7/09. சுழல் பம்ப்புகளைக் கட்டுப்படுத்துவது எஃப்-04-டி (F04D) 15. எழுத்துகளை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். தம்பி உட்கார்ந்தால் ஓரிரு வாரத்தில் முடிக்கக்கூடிய வேலை.

‘பட்டறையில் செய்யும் சாதாரண முன்னேற்றம்தானே’ என்று ஆய்வாளர் கேட்பது உறுதி. இதற்கு வேர், உச்ச நீதிமன்றம் 1978-ல் பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் வழக்கில் சொன்ன தீர்ப்பு. மிர்சாபூரில் பாத்திரங்களைக் கடைசல் பிடிக்கும்போது அவற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் அமைப்புக்கு வாங்கிய காப்புரிமை பற்றிய வழக்கு அது. பழைய அமைப்பில் செய்த மாற்றம் வெறும் பட்டறை முன்னேற்றத்தைத் தாண்டி இருக்க வேண்டும் என்று சொல்லி, நீதிமன்றம் அந்த உரிமையை ரத்து செய்தது.

3(கே) இன்னொரு தடை. கணித முறையும், வெறும் கணினி நிரலும், அல்காரிதமும் காப்புரிமைக்கு உரியவை அல்ல. உங்கள் கருவியின் உயிரே ஒரு கணக்கு என்பதால் இந்த ஆட்சேபம் வரும். ஃபெரித் அல்லானி வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2019-ல், நிரல் இருக்கிறது என்பதற்காகவே தள்ளிவிடக் கூடாது, அது தரும் தொழில்நுட்ப விளைவைப் பார்க்க வேண்டும் என்றது. எனவே உங்கள் கணக்கு மோட்டாரிலும் கிணற்றிலும் என்ன செய்கிறது என்பதை எழுத்தில் காட்ட வேண்டும்.

பட்டறை முன்னேற்றம், அல்காரிதம் இரண்டுக்கும் பதில் ஒன்றே: அளவு. ஒரே போர்வெல்லில் ஒரு நாள் அரை மணி டைமர், மறுநாள் உங்கள் முறை என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஒவ்வொரு நாளும் மோட்டார் எத்தனை முறை ஸ்டார்ட் ஆனது, எத்தனை நிமிடம் வெறுமனே ஓடியது, எத்தனை யூனிட் ஆனது, தொட்டியில் எவ்வளவு தண்ணீர் விழுந்தது என்று குறியுங்கள். கோடையில் கொஞ்சம், மழைக்குப் பிறகு கொஞ்சம் கட்டாயம் வேண்டும். மதிப்புள்ள சான்று இதுதான். ‘ஸ்மார்ட்’, ‘புரட்சிகரமான’ போன்ற சொற்கள் ஆய்வாளரிடம் எடுபடாது.

கிளெய்ம் என்பது எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று வரையறுக்கும் வாசகம். அதை எப்படி எழுதுவது என்பதற்கு ஒரு மாதிரி. ‘விவசாய மோட்டாரைக் காக்கும், செல்போனில் இயங்கும் கன்ட்ரோலர்’ என்று எழுதினால் அன்றே தோற்றது. இப்படி இருக்கட்டும்: ‘நீர்மூழ்கி பம்ப்பை ஓட்டும் தூண்டல் மோட்டாருக்கான கட்டுப்பாட்டுக் கருவி, வோல்டேஜையும் கரன்ட்டையும் அளக்கும் பகுதி, இரண்டுக்கும் இடையிலான கோணத்தை நேரத்தோடு சேமிக்கும் பகுதி, நிறுத்தத்துக்கு முந்தைய குறிப்பிட்ட கால அளவில் அக்கோணம் மாறிய வேகத்தில் இருந்து ஓய்வு நேரத்தைக் கணக்கிடும் பகுதி, அந்நேரம் முடியும்வரை மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் கான்டாக்டர் சேராமல் தடுக்கும் பகுதி ஆகியவற்றைக் கொண்டது.’ செல்போனைக் கொண்டுவர ஆசை இருந்தால், இதைச் சார்ந்த இரண்டாவது கிளெய்மில் கொண்டுவரலாம்: ஓய்வு முடியும் முன் போனில் வரும் உத்தரவைக் கருவி ஏற்காமல், மீதி நேரத்தைத் திருப்பிச் சொல்கிறது. அப்போது செல்போன் தனியாக நிற்காமல் மற்றதோடு சேர்ந்து வேலை செய்கிறது. 3(எஃப்) அதைத் தொடுவது கடினம்.

இனி, வெளியே தெரிந்துவிட்டதா என்ற கேள்வி. இந்தியாவில் பொதுவான சலுகைக் காலம் கிடையாது. விண்ணப்பத்துக்கு முன் நீங்களே வெளியிட்டாலும் அது உங்களுக்கு எதிராக நிற்கும். யூடியூப் வீடியோவில் பெட்டியும் செல்போனில் இயக்குவதும் மட்டும் இருந்தால் பாதகம் இல்லை. அதில் தெரியாததை அது வெளியிட்டதாகாது. கோணம், ஓய்வுக் கணக்கு பற்றி ஒரு வரியாவது பேசியிருந்தால் அந்த வரியைத் தேதியோடு எழுதி, உங்களுக்காக விண்ணப்பம் போடும் காப்புரிமை ஏஜென்ட்டிடம் கொடுங்கள். வீடியோவை அழித்துவிட்டு மறைப்பது தவறு. பங்காளிகள் தோட்டத்தில் மாட்டியது சோதனைக்காக, காசு வாங்கவில்லை. பொது இடத்தில் சோதிப்பது அவசியமாக இருந்தால் 32-ஆம் பிரிவு ஓராண்டு வரை பாதுகாப்புத் தருகிறது. ஆனால் ஒரு பெட்டியை விற்றுவிட்டால் அது சோதனை என்று சொல்வது கஷ்டம். விண்ணப்பம் போடும்வரை யாருக்கும் விற்காதீர்கள்.

புராஜெக்ட் அறிக்கை இதையெல்லாம்விட ஆபத்து. சுற்றுப் படம், சூத்திரம், நிரல் எல்லாம் அதில் இருக்கும். கல்லூரி நூலகத்தில் யாரும் எடுத்துப் படிக்கலாம் என்று ஆன அன்றே அது வெளியீடு. முதலில் விண்ணப்பம், மறுநாள் அறிக்கை. ஒரு நாள் இடைவெளி போதும். தம்பி வெறுமனே நீங்கள் சொன்னதை நிரலாக்கினாரா, அல்லது ‘மாற்றத்தின் வேகத்தைப் பார்ப்போம்’ என்ற யோசனையே அவருடையதா? இரண்டாவது என்றால் அவரும் கண்டுபிடிப்பாளர், பெயர் விண்ணப்பத்தில் வந்தே ஆக வேண்டும். கல்லூரி ஆய்வகத்தைப் பயன்படுத்தியிருந்தால் அவர்களின் விதியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரிசி ஆலை விஷயம் நல்ல யோசனை. எலிவேட்டர் பெல்ட் அறுந்தாலும் மோட்டார் சுமை இழக்கும், கோணம் மாறும். ஆனால் பெல்ட் அறுவது ஒரு நொடியில். அங்கே ‘ஊறும் நேரம்’ கிடையாது. அதை முதல் கிளெய்மில் சேர்த்தால் உங்கள் புதுமை கரைந்து, நோலாவின் ஆவணத்துக்கு நெருங்கிவிடுவீர்கள். விவரிப்பில் ஒரு பத்தி எழுதி வையுங்கள், கிளெய்மில் வேண்டாம்.

விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்க வேண்டும். நீங்கள் தமிழில் விரிவாக எழுதி மொழிபெயர்க்கக் கொடுங்கள். தமிழ்நாட்டுக்குரிய அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது, ஆன்லைனிலேயே போடலாம். தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், விண்ணப்பத்தை ஆய்வு செய்யுங்கள் என்று தனியாகக் கொடுக்கும் ஆய்வுக் கோரிக்கைக்கு 4,000 ரூபாய். ஏஜென்ட் கட்டணம் தனி. முதலில் புரொவிஷனல் என்ற தற்காலிக விவரிப்போடு விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பிடியுங்கள். 12 மாதத்துக்குள் முழு விவரிப்பைக் கொடுத்தாக வேண்டும். அவசரத்தில் ஒரு பக்கம் எழுதிப் போடுபவர்கள் பலர். அதில் எழுதாத விஷயத்துக்கு அந்தத் தேதி கிடைக்காது. ஆகவே சூத்திரம், எல்லை அளவுகள், இதுவரை எடுத்த அளவீடுகள் எல்லாம் புரொவிஷனலிலேயே இருக்கட்டும். ஆய்வுக் கோரிக்கைக்கான கெடு, 2024 விதித் திருத்தத்துக்குப் பிறகு, புரொவிஷனல் போட்ட தேதியில் இருந்து 31 மாதம். அதைத் தவறவிட்டால் விண்ணப்பத்தை நீங்களே திரும்பப் பெற்றதாகக் கருதிவிடுவார்கள்.