மெட்ரிக்கை விட்டுவிட்டு ட்ரம்ஸ் என்கிறானா? சாட்ஸ்வொர்த் அம்மா ஒருவருக்குப் பதில்

அக்கா, தென்னாப்பிரிக்காவின் பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக்கை விட்டுவிட்டு ராக் ட்ரம்மராகப் போகிறேன் என்கிறான் பையன், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பேசலாம். பையன் ட்ரம்ஸ் வாசிக்கட்டும். மெட்ரிக்கையும் முடிக்கட்டும். ராக் ட்ரம்மர் என்று தனியாக ஒரு பிழைப்பு டர்பனில் கிடையாது, ட்ரம்மர் என்று ஒரு பிழைப்பு இருக்கிறது, உழைத்தால் அதில் சாப்பிடலாம். நீங்களும் அவனும் மூன்று மாதமாகப் படிப்பா ட்ரம்ஸா என்று சண்டை போடுகிறீர்கள், ஆனால் பேச வேண்டியது எந்த மாதிரி ட்ரம்மர் என்பதைத்தான்.

பெரிய ராக் ட்ரம்மரான டேவ் க்ரோல் பள்ளிக்கூடத்தை விட்டவர்தானே என்று கேட்டானாம். ஆமாம், விட்டவர்தான். 17 வயதில் ஸ்க்ரீம் என்ற குழுவில் சேர்ந்து கிளம்பிவிட்டார். அவருடைய அம்மா பள்ளி ஆசிரியை, அந்த அம்மாதான் போ என்று சம்மதித்தார், இதையும் உங்கள் பையன் கட்டாயம் சொல்லியிருப்பான்! சொல்லாமல் விட்டது மீதிக் கதை. அந்தக் குழு சில வருஷம் வேனில் ஊர் ஊராகச் சுற்றியது, 1990-ல் லாஸ் ஏஞ்சலிஸ் வந்தபோது பாஸ் கிட்டார்காரர் விலகிப் போக, குழு அங்கேயே உடைந்து, இவர் கையில் காசில்லாமல் நின்றார். அந்த நேரம் பார்த்து நிர்வானா என்ற ராக் குழுவுக்கு ட்ரம்மர் தேவைப்பட்டது, இவர் சேர்ந்துகொண்டார். அதே வேன் வாழ்க்கை வாழ்ந்து, அந்த ஒரு வாய்ப்பு வராமலே வீட்டுக்குத் திரும்பியவர்களின் பேட்டி எங்கும் வராது, அதனால் பையன்களுக்கு அவர்களைத் தெரியாது.

அவன் பெயர் சொல்லியே பேசுகிறான் என்றால் நீங்களும் இரண்டு ட்ரம்மர் பெயர் வைத்துக்கொள்ளுங்கள். ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸ் படித்தது டிசைன், 1963-ல் அந்தக் குழுவில் சேருவதற்கு முன்னால் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ரஷ் குழுவின் நீல் பியர்ட் 1974-ல் அதில் சேரும்வரை அப்பாவின் விவசாயக் கருவிக் கடையில் உதிரிபாகம் விற்றுக்கொண்டிருந்தார். அதோடு நிற்கவில்லை, உலகமே கும்பிட்ட பிறகு, தொண்ணூறுகளில், ஃப்ரெடி க்ரூபர் என்ற வாத்தியாரிடம் போய்க் குச்சி பிடிப்பதிலிருந்து மறுபடியும் பாடம் எடுத்துக்கொண்டார். யூடியூப் போதும், வாத்தியார் வேண்டாம் என்று அவன் சொல்கிறான் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் இதைப் போடுங்கள்.

ஆனால் இவர்களை எல்லாம்விட அவனுக்குத் தெரிய வேண்டிய ஆள் நம் ஊர்க்காரர். ரிக்கி ஃபத்தார், 1952-ல் டர்பனில் பிறந்தவர், தமிழர் இல்லை, மலாய் வம்சாவளிக் குடும்பம். அண்ணன்மாரோடு தி ஃப்ளேம்ஸ் என்ற குழுவில் பொடிப் பையனாகவே ட்ரம்ஸ் வாசித்தார். தோல் நிறத்தைப் பார்த்து எந்த மேடை, எந்த ஹோட்டல் என்று தீர்மானித்த காலம் அது, டிவியே இந்த நாட்டுக்கு 1976-ல்தான் வந்தது. அவர்கள் லண்டன் போனார்கள், அங்கே பீச் பாய்ஸ் என்ற பெரிய அமெரிக்கக் குழுவின் கார்ல் வில்சன் கண்ணில் பட்டார்கள், 1972-ல் ரிக்கியும் ஃப்ளேம்ஸில் கூட இருந்த ப்ளாண்டி சாப்ளினும் பீச் பாய்ஸிலேயே சேர்ந்துவிட்டார்கள். அந்தக் குழுவின் ட்ரம்மர் டென்னிஸ் வில்சனுக்குக் கையில் அடிபட்டிருந்தது, ஆள் தேவைப்பட்டது. கதை இதோடு முடிந்திருந்தால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். 1974-ல் அதிலிருந்து விலகினார். அப்புறம் 1978-ல் பீட்டில்ஸைக் கிண்டல் செய்கிற ரட்டில்ஸ் என்ற குழுவில் அவர் இருந்தார், ட்ரம்மராக அல்ல, ஜார்ஜ் ஹாரிசன் மாதிரி வருகிற கிட்டார்காரராக! பிறகு பல வருஷம் அமெரிக்கப் பாடகி பானி ரெய்ட்டின் ட்ரம்மர். ட்ரம்ஸ், கிட்டார், ஸ்டீல் கிட்டார், பாட்டு என்று கைக்கு வந்ததை எல்லாம் கற்றுவைத்திருந்ததால் ஒரு கதவு மூடினால் இன்னொரு இடத்தில் கூப்பிட்டார்கள். உங்கள் பையனுக்கு நான் சொல்வதும் அதுதான்: இன்னொரு வாத்தியம், முடிந்தால் கீபோர்டு. சுருதியும் கார்டும் (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டம்) புரிந்த ட்ரம்மரைப் பாடகர்கள் விடவே மாட்டார்கள்.

சரி, வேலை எங்கே இருக்கிறது? சொந்தப் பாட்டோடு ராக் குழு நடத்துவது எங்கும் முதலில் செலவுதான். அண்டர்பெர்க் பக்கம் 1990-லிருந்து ஈஸ்டர் சமயத்தில் நடக்கிற ஸ்ப்ளாஷி ஃபென் இசை விழா, இப்படிச் சில மேடைகள். ஓப்பிகோப்பி என்று லிம்போப்போவில் 1994-ல் தொடங்கிய பெரிய விழா ஒன்று இருந்தது, 2018-க்குப் பிறகு நடக்கவில்லை. வருஷத்துக்கு நாலைந்து மேடையை நம்பி வாடகை கட்ட முடியாது. மற்றபடி வாராவாரம் காசு வருகிற இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: கல்யாண ஆர்க்கெஸ்ட்ரா, சர்ச், ஹோட்டல், கம்பெனி விருந்து, டர்பன் துறைமுகத்துக்கு வருகிற உல்லாசக் கப்பல், பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது. கப்பல் வேலை சில மாத ஒப்பந்தம், சாப்பாடும் படுக்கையும் அங்கேயே, செலவில்லாமல் சேர்க்கலாம், ஆனால் இசைக்குறிப்புத் தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கத் தெரியாதவனுக்கு அங்கே இடமில்லை. சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பெந்தேகொஸ்தே சபைகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும், நம் ஊரில் நல்ல ட்ரம்மர்கள் பலர் சபையில்தான் உருவாகிறார்கள், வாரம் தவறாமல் பாடகரைப் பார்த்து வாசிக்கிற பழக்கம் வேறெங்கும் இலவசமாகக் கிடைக்காது. நீங்கள் கோயிலுக்குப் போகிற குடும்பம், தெரியும். நான் மதம் மாறச் சொல்லவில்லை அக்கா, எங்கே வாசிப்பு இருக்கிறது என்று சொல்கிறேன்.

கல்யாண வேலையைக் கேவலமாக நினைக்கிறான், 'அங்கிள் மியூசிக்' என்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு தடவை அந்த வேலையை முழுதாகப் பார்க்கச் சொல்லுங்கள். மத்தியானமே ஹாலுக்குப் போய், பின்வாசல் வழியாகப் பெட்டிகளைத் தூக்கி, சமையல்காரர் திட்டத்திட்ட செட்டைப் பூட்டி, மைக் சரிபார்த்து, பிறகு மணமக்கள் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். ராத்திரி எம்.எஸ்.வி. பாட்டு, அடுத்து ஹிந்தி, அடுத்து யாரோ ஒரு மாமா மேடைக்கு வந்து எல்விஸ் பாடுவேன் என்பார், எந்த சுருதி என்று அவருக்கே தெரியாது, நடுவில் இரண்டு அடியை விழுங்குவார், ட்ரம்மர் அவரோடு சேர்ந்து விழுங்கி, கேட்கிறவர்களுக்குத் தெரியாமல் சரிக்கட்ட வேண்டும். எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு மறுபடி கழற்றி, துடைத்து, காரில் ஏற்றினால் மணி ஒன்று. இதைச் சலிக்காமல் செய்கிறவனுக்கு அடுத்த சனிக்கிழமையும் ஃபோன் வரும். அந்த ஃபோன்தான் இந்தத் தொழிலில் சம்பளம், உத்தியோக உயர்வு எல்லாம்.

ஆளெடுக்கும்போது என்ன பார்ப்பார்கள் என்றால், பெரும்பாலும் வேகத்தை இல்லை. இரண்டு காலாலும் மிதிக்கிற டபுள் பெடலில் இடி மாதிரி அடிக்கிற பையன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நிமிடத்துக்கு 60 அடி வைத்து ஒரு மெதுவான பாட்டைக் கொடுத்தால் அவர்களில் பலருக்குக் காலப்பிரமாணம் ஓடிவிடும், இரண்டு அடிக்கு நடுவில் இருக்கிற வெற்றிடத்தைத் தாங்க முடியாமல் கை முந்தும். அவன் தாத்தா கோயிலில் தவில் வாசித்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள், அவர் காதில் விழும்படி வாசிக்கச் சொல்லுங்கள். ராக் பிடிக்காவிட்டாலும் ஓடுகிறதா நிற்கிறதா என்று அவர் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். அந்தத் தாத்தாவும் பகலில் சர்க்கரை ஆலை வேலை, சாயங்காலம் தவில் என்றுதான் இருந்திருக்கிறார், இல்லையா? இரண்டு வேலை பார்ப்பது இந்தத் தொழிலில் தோல்வி கிடையாது.

இப்போது யாரும் பையன்களுக்குச் சொல்லாத ஒன்று, காகிதம். 1969-ல் தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் பதிவு ஒன்றில் க்ரெகரி கோல்மன் என்ற ட்ரம்மர் நாலே தாள வட்டம் தனியாக வாசித்தார், ஏழு விநாடி போலத்தான் வரும். பின்னாளில் ஹிப் ஹாப்காரர்களும் நடன இசைக்காரர்களும் அந்தத் துண்டை வெட்டி ஆயிரக்கணக்கான பாட்டில் ஒட்டினார்கள், உங்கள் பையனும் தெரியாமல் கேட்டிருப்பான். கோல்மனுக்கு அதில் ஒரு காசும் வரவில்லை, 2006-ல் வீடில்லாமல் செத்துப்போனார். வார்த்தையும் மெட்டும் எழுதினவனுக்குத்தான் பாட்டு சொந்தம் என்பது வழக்கம், தாளம் போட்டவனுக்கு அதில் பங்கு தானாக வராது. அதனால் குழுவில் நாலு பையன்களும் நண்பர்களாக இருக்கும்போதே, ஒவ்வொரு பாட்டிலும் யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். பாட்டில் பங்கு இருந்தால், பாட்டு எழுதினவர்களுக்குப் பணம் வசூலித்துத் தருகிற சாம்ரோ அமைப்பில் பதிய வேண்டும், பதிவில் வாசித்தவன் என்ற முறையில் ரேடியோவில் ஒலிபரப்பாகும்போது வருகிற பணம் சாம்ப்ரா என்ற இன்னொரு அமைப்பு வழியாக வரும். இரண்டும் வேறு வேறு இடம், ஒன்றில் பதிந்துவிட்டு இன்னொன்றை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். கூடவே, பாதிப் பணம் முன்னாலேயே வாங்காமல் எந்த ஹாலிலும் செட் இறக்கக் கூடாது.

சொந்தத் தொழில் என்பதால் வரிக் கணக்கையும் ஓய்வூதியத்தையும் அவனே பார்த்துக்கொள்ள வேண்டும், வேலை போனால் உதவுகிற யூ.ஐ.எஃப். காப்பீடு அவனுக்குக் கிடையாது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எல்லா மேடையும் மூடியதை மறக்க முடியுமா? பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஆன்லைனில் எடுத்துக் கொஞ்சமாவது சமாளித்தார்கள். நான் மெட்ரிக் மெட்ரிக் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மெட்ரிக் இருந்தால் வழி மூன்று. குவாசுலு நட்டால் பல்கலைக்கழகத்தில், ஹவர்ட் காலேஜ் வளாகத்தில், ஜாஸ் மற்றும் வெகுஜன இசைக்கான மையமே இருக்கிறது, ஜாஸ் பியானோக்காரர் டேரியஸ் ப்ரூபெக் தொடங்கி வைத்தது, ட்ரம்ஸையே முதன்மை வாத்தியமாக எடுத்துப் படிக்கலாம். ராக்குக்கும் ஜாஸுக்கும் என்ன சம்பந்தம் என்பான், சார்லி வாட்ஸ் கடைசிவரை ஜாஸ் பைத்தியம் என்று சொல்லுங்கள். கேப் டவுன் பல்கலைக்கழகத்திலும் ஜாஸ் படிப்பு உண்டு, ஆனால் வீட்டை விட்டுத் தங்குகிற செலவு. டிகிரிக்கு மார்க் போதாவிட்டால் அரசுத் தொழிற்கல்லூரியான டிவெட் காலேஜில் என்4-லிருந்து என்6 நிலை வரை பாப்புலர் மியூசிக் படிப்பு, வாசிப்பு தனி, ஸ்டூடியோ வேலை தனி. என்6 முடித்து 18 மாதம் வேலை அனுபவம் காட்டினால் டிப்ளமா. அரசு பல்கலைக்கழகம், டிவெட் இரண்டுக்கும் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் நிதி உதவி கேட்கலாம், தனியார் காலேஜுக்கு அது கிடையாது. தனியார் மியூசிக் காலேஜ் விளம்பரம் பளபளவென்று இருக்கும், உயர்கல்வித் துறையில் பதிவு எண் இருக்கிறதா என்று கேட்காமல் ஒரு ராண்டும் கட்டாதீர்கள். மெட்ரிக்குக்கு முன்பே ட்ரினிட்டி அல்லது ராக்ஸ்கூல் ட்ரம்ஸ் தேர்வுகளில் கிரேடு ஏறிக்கொண்டே போனால் ஆடிஷனுக்கும் நல்லது, பின்னால் பாடம் எடுப்பதற்கும் நல்லது.

பக்கத்து வீட்டுக்காரர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்கிற சாட்ஸ்வொர்த் வீட்டில் நிஜ ட்ரம்ஸ் வாசித்தால் சண்டை வரத்தான் செய்யும். எலக்ட்ரானிக் செட் வாங்கினாலும் காலால் அடிக்கிற பாஸ் பெடலின் அதிர்வு தரை வழியாகப் போகும், கீழே கனமான ரப்பர் பாய் போடுங்கள், அன்றாடப் பயிற்சிக்கு ஒரு பிராக்டிஸ் பேடும், தாள வேகம் காட்டுகிற மெட்ரோனோமும் போதும். முக்கியமானது காது. வேலையிடங்களில் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பதுதான் எல்லை, 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும், அந்தக் கணக்கில் 100 டெசிபலில் 15 நிமிடம்தான். சின்ன அறையில் ட்ரம்ஸ் அதைச் சுலபமாகத் தாண்டும். போன காது திரும்ப வராது. பிறந்தநாளுக்குப் ட்ரம்ஸ் செட்டுக்குப் புது சிம்பல் தட்டு கேட்பான், அதற்கு முன்னால் இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள். முதுகும் மணிக்கட்டும் அப்படித்தான். ஜெனிசிஸ் என்ற ராக் குழுவின் ட்ரம்மரும் பாடகருமான ஃபில் காலின்ஸுக்கு நரம்புப் பிரச்சினையால் குச்சி பிடிக்க முடியாமல் போய், குழுவின் கடைசிச் சுற்றுப்பயணத்தில் அவர் உட்கார்ந்து பாட, மகன் ட்ரம்ஸ் வாசித்தான்.

கடைசியாக, அவன் குழு ஜோஹன்னஸ்பர்க்கில் வாசிக்கப் போகிற அந்த ஷோவுக்கு அவனை விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஜூலை விடுமுறையில்தான் என்றால் விடுங்கள், தடுத்தால் அதையே பத்து வருஷம் சொல்லிக் காட்டுவான். ஆனால் யார் வண்டி, யார் ஓட்டுகிறார்கள், பெட்ரோல் யார் காசு, எங்கே படுக்கிறார்கள், முன்பணம் வந்துவிட்டதா என்று அவனையே விசாரித்து எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள், குழு நடத்துவதில் பாதி வேலை அதுதான். ஷோ முடிந்த ராத்திரியே என்3 நெடுஞ்சாலையில் திரும்புகிற திட்டமாக இருந்தால் மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள், ஜூலையில் வான் ரீனன் கணவாயில் பனியும் லாரியும் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தூங்கி எழுந்து காலையில் கிளம்பட்டும்.