காளிக்கு ஏன் இஞ்சினியரைப் பிடிக்கவில்லை? இயக்குநர் மகேந்திரன் பற்றிக் கேள்வி பதில்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பட்டணத்தில் பதினேழு வருடம் வீடியோ கேசட் வாடகைக்கு விட்டவன் நான். அதற்கு முன் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். போன மாதம் இங்கே நாற்பது பேர் உட்கார்ந்து மகேந்திரன் எடுத்த ‘முள்ளும் மலரும்’ பார்த்தோம். விளக்கைப் போட்டதும் ஆளாளுக்கு மகேந்திரனைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மண்டபச் சாவியை ஒன்பது மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதனால் எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். வந்த சீட்டுகளில் ஒரே கேள்வி மூன்று முறை இருந்தால் ஒரு முறைதான் பதில்.

மகேந்திரன் என்பது அவருடைய சொந்தப் பெயரா? எந்த ஊர்க்காரர்? (ஐந்தாம் படிவ மாணவி)

பெற்றோர் வைத்த பெயர் அலெக்சாண்டர். 1939 ஜூலை 25இல் இளையாங்குடியில் பிறந்தார். உன் பாட்டியிடம் கேட்டுப் பாரம்மா, அந்தச் சீமையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள் நம் பக்கத்திலேயே உண்டு. 2019 ஏப்ரல் 2இல் சென்னையில் காலமானார்.

எம்.ஜி.ஆர்.தான் இவரை சினிமாவுக்கு இழுத்து வந்தார் என்கிறார்களே, நிஜமா அண்ணே? (செம்பனை லோரி ஓட்டுநர்)

நிஜம்தான். 1958ஆம் வருடம், காரைக்குடி அழகப்பா கல்லூரியில் விழா. எம்.ஜி.ஆர். வந்திருக்கிறார். மாணவர்கள் பேச வேண்டும். இவர் மேடையேறி, எம்.ஜி.ஆரை வைத்துக்கொண்டே சினிமாவைக் கிண்டலடிக்கிறார். கல்லூரியில் காதலித்தால் நாங்கள் ஒளிந்து ஒளிந்து பேச வேண்டியிருக்கிறது, படத்தில் மட்டும் காதலர்கள் ஊரே கேட்கிற மாதிரி டூயட் பாடிக்கொண்டு ஓடுகிறார்களே, ஒருவரும் கேட்பதில்லையே என்கிற மாதிரிப் பேச்சு. கூட்டம் கைதட்டுகிறது. எம்.ஜி.ஆர். கோபப்படவில்லை. நல்ல பேச்சு, விமர்சகராக வரத் தகுந்தவர் என்று கைப்பட எழுதிக் கொடுத்தார்.

அப்புறம் சென்னைக்குச் சட்டம் படிக்கப் போனார். பணம் இல்லாமல் படிப்பு நின்றது. ‘இனமுழக்கம்’ பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தார். பத்திரிகைக்காரராக எம்.ஜி.ஆரை மறுபடியும் பார்த்தபோது அவர் இந்தப் பையனை மறக்கவில்லை. வீட்டுக்கு வரச்சொல்லி, ‘பொன்னியின் செல்வன்’ புத்தகங்களைக் கொடுத்து, திரைக்கதை எழுதச் சொன்னார். எழுதினார். அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை.

எனக்கு இதில் பிடித்த விஷயம், டூயட்டைக் கிண்டல் செய்த அதே ஆள் பிழைப்புக்காக அதே சினிமாவுக்குக் கதை எழுதினார் என்பதுதான். ‘நாம் மூவர்’, ‘நிறைகுடம்’, ‘தங்கப்பதக்கம்’ எல்லாம் இவர் எழுத்து. ‘தங்கப்பதக்கம்’ முதலில் நாடகம், 1974இல் சிவாஜி நடித்துப் படமானது. அதில் சிவாஜி போலீஸ் அதிகாரி எஸ்.பி. சௌத்ரியாகப் பேசுகிற பேச்சும் ‘உதிரிப்பூக்கள்’ படத்து மௌனமும் ஒரே பேனாவில் வந்தவை என்றால் நம்ப முடிகிறதா? நடுவில் ‘துக்ளக்’ பத்திரிகையில் வேலை பார்த்து சினிமா விமர்சனமும் எழுதினார். எம்.ஜி.ஆர். சொன்னது பலித்துவிட்டது.

‘முள்ளும் மலரும்’ படத்துக்கு கமல்ஹாசன் காசு கொடுத்தாராமே. ரஜினி படத்துக்கு அவர் எதற்குக் கொடுக்க வேண்டும்? (மூன்று சீட்டு)

கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

தயாரிப்பாளர் வேணு செட்டியார். அண்ணன் தங்கை கதை என்று மகேந்திரன் சொன்னதும் அவர் ‘பாசமலர்’ மாதிரி ஒன்றை மனத்தில் நினைத்துக்கொண்டு முழுக்கதையும் கேட்காமலே சம்மதித்தார். உமாசந்திரன் எழுதி, கல்கி வெள்ளிவிழாப் போட்டியில் பரிசு வாங்கிய நாவல்தான் மூலம். அண்ணன் காளி வேடத்துக்கு ரஜினி என்றதும் செட்டியார் தயங்கினார். அப்போது ரஜினி என்றால் வில்லன், நிறமும் கறுப்பு. ரஜினி இல்லையென்றால் எனக்கு இந்தப் படமே வேண்டாம் என்று மகேந்திரன் நின்றார். ஒளிப்பதிவுக்கு பாலு மகேந்திரா வந்தார். அவரை அறிமுகம் செய்தது கமல்.

எடுத்து முடித்ததைப் போட்டுப் பார்த்தபோது செட்டியாருக்குத் தலையில் இடி. படத்தில் வசனமே இல்லையே! வசனகர்த்தா என்று பெயர் வாங்கிய ஆளை நம்பிப் பணம் போட்டால் இப்படியா? ‘செந்தாழம் பூவில்’ பாட்டுக்கான காட்சி இன்னும் பாக்கி. அதற்கு மேல் ஒரு காசு தரமாட்டேன் என்றுவிட்டார். கமலிடம் போய்ச் சொன்னார் மகேந்திரன். கமல் தன் காசைப் போட்டு எடுக்கவைத்தார். சரத்பாபு ஜீப் ஓட்ட, ஷோபாவும் மற்ற பெண்களும் உட்கார்ந்திருக்க, மலைப்பாதையில் ஜேசுதாஸ் குரல் போகிறதே, அதுதான். நண்பர் நல்ல படம் எடுக்கிறார், பாட்டுக்குக் காசில்லை, கொடுத்தார். ரஜினி படமா கமல் படமா என்ற சண்டையெல்லாம் நாம் இங்கே காப்பிக்கடையில் போட்டதுதான்.

1978 ஆகஸ்ட் 15இல் படம் வந்தது. முதல் சில வாரம் தியேட்டரில் கூட்டமில்லை. பிறகு ஆட்கள் சொல்லிச் சொல்லியே ஓடியது.

காளிக்கு அந்த இஞ்சினியரின் மேல் ஏன் அவ்வளவு கோபம்? அவர் ஒன்றும் தப்பு செய்யவில்லையே. (ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை)

டீச்சர், இதை நீங்கள் கேட்டதில் எனக்கு ஆச்சரியம். நீங்கள் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்தானே.

காளி மலையில் விஞ்ச் ஓட்டுபவன், அதாவது கம்பிவடம் இழுக்கிற பெட்டியை. அந்தப் பெட்டி மேலே போகும், கீழே வரும். ஊர் சனங்கள் நடக்க வேண்டாமே என்று அதில் ஏற்றிவிடுவான். புதிதாக வந்த இஞ்சினியர் இது விதிக்குப் புறம்பு என்று நிறுத்துகிறார். விதிப்படி பார்த்தால் அவர் சொல்வது சரிதான். அவர் கெட்டவரும் இல்லை, குரலை உயர்த்துவதுகூட இல்லை. அதுதான் காளியை எரிக்கிறது. திட்டுகிற மேலதிகாரியைத் திருப்பித் திட்டலாம். நியாயமாகப் பேசுகிறவரை என்ன செய்வது?

எனக்கு ஒன்று ஞாபகம் வரும். நான் வேலை செய்த தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டு, வேலைக்கு ஆள் எண்ணிப் பிரிப்பது. விளக்கு வெளிச்சத்தில் வரிசையாக நிற்போம். புது துரை ஒருவர் வந்தார், நல்ல மனிதர், எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். ஒருநாள் எங்கள் மண்டோரிடம் (எங்களை மேய்க்கும் கங்காணி), ஸ்டோர் லோரியில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றக்கூடாது, விழுந்தால் யார் பொறுப்பு என்று மெதுவாகச் சொன்னார். மண்டோர் “சரிங்க துரை” என்றார். அன்றைக்கு முழுக்க அவர் யாரிடமும் பேசவில்லை. சாயங்காலம் கள்ளுக்கடையில் உட்கார்ந்து தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். லோரிப் பலகையைத் தட்டி “ஏறுங்கடா” என்று சொல்கிற கை அது. பல வருடம் கழித்து, காளி குடித்துவிட்டு ரோட்டில் விழுந்து, லாரி ஏறி, கையில்லாமல் வந்து நிற்கும் காட்சியைப் பார்த்தபோது எனக்கு அவர் முகம்தான் வந்தது.

படத்தின் முடிவைப் பாருங்கள். தங்கை வள்ளி அண்ணனை விட்டு இஞ்சினியரோடு கல்யாணத்துக்குக் கிளம்புகிறாள், ஊரே கூடப் போகிறது. காளி வழியில் தனியாக நிற்கிறான். அவள் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொள்கிறாள். எல்லாரையும்விட அண்ணன்தான் பெரிது என்று தங்கை காட்டிவிட்டாள், அவனுக்கு அது போதும். அவனே அவளை இஞ்சினியர் கையில் ஒப்படைக்கிறான். ஒப்படைக்கும்போதும் எனக்கு இன்னும் உங்களைப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். வேறு யார் எடுத்திருந்தாலும் காளி அங்கே திருந்தி, மாப்பிள்ளை காலில் விழுந்திருப்பான். மகேந்திரன் அவனை விழவைக்கவில்லை. 2016இல் ‘கபாலி’ வந்தபோது நம் கதை, நம் கதை என்று ஆடினோம், சரிதான். எனக்கு நம் தோட்டத்து ஆள் காளிதான், மலேசியாவில் ஒரு காட்சிகூட எடுக்காத படத்தில்.

அதில் சாப்பாட்டுப் பாட்டு ஒன்று வருமே, அதைப் பற்றி? (மீ, அதாவது நூடுல்ஸ், கடை அக்கா)

‘நித்தம் நித்தம் நெல்லுச் சோறு’. வாணி ஜெயராம் பாடியது. படாபட் ஜெயலட்சுமி நடித்த மங்கா சாப்பாட்டு ராமி. தமிழ்ப் படத்தில் கதாநாயகிக்கு நாக்கு இருக்கிறது என்று காட்டிய பாட்டு அது ஒன்றுதான் என்பது என் கட்சி. அக்கா, பசியாறாமல் கேட்காதீர்கள்.

‘உதிரிப்பூக்கள்’ புதுமைப்பித்தன் கதையா? அப்படியென்றால் கதையில் இருப்பதெல்லாம் படத்தில் ஏன் இல்லை? (கல்லூரி மாணவர்)

‘சிற்றன்னை’ என்ற குறுநாவலிலிருந்து வந்த பொறி, அவ்வளவுதான். தாயில்லாத இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொண்டு தன் கதையைச் செய்தார். நாவலை அப்படியே படமாக்குவதில் அவருக்கு ஆர்வமே கிடையாது. ஆனாலும் யாரிடமிருந்து எடுத்தேன் என்பதை மறைக்காதவர். பொன்னீலனின் ‘உறவுகள்’தான் ‘பூட்டாத பூட்டுகள்’ ஆனது, சிவசங்கரியின் நாவல்தான் ‘நண்டு’.

1979இல் வந்த ‘உதிரிப்பூக்கள்’தான் என் கணக்கில் அவருடைய உச்சம். விஜயன் நடித்த சுந்தரவடிவேலு சத்தம் போட மாட்டான். சுத்தமான வேட்டி சட்டை, அமைதியான பேச்சு, பெண்டாட்டியை உள்ளுக்குள்ளேயே அரித்துக் கொல்கிறவன். பெண்டாட்டியாக வரும் அஸ்வினி முகத்தைக் கவனியுங்கள், அந்தப் பெண் அழுவது குறைவு, களைத்துப்போய் இருப்பதுதான் அதிகம். கடைசியில் ஊரே திரண்டு அவனை ஆற்றங்கரைக்குக் கொண்டுவருகிறது. அவன் சொல்வது இதுதான்: நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டேன், நான் செய்த தப்புகளிலேயே பெரியது அதுதான். பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறான். கரையில் இரண்டு குழந்தைகள். இளையராஜாவின் இசை எங்கே நிற்கிறது என்று மட்டும் காதைக் கொடுத்துக் கேள் தம்பி.

கேசட்டை வாடகைக்கு எடுத்துப் போன ஒருவர் அடுத்த நாளே கொண்டுவந்து, கடைசியில் வில்லனுக்காக அழவைத்துவிட்டானே பாவி என்று மேசையில் வைத்துவிட்டுப் போனார். வாடகையைத் திருப்பிக் கேட்கவில்லை.

மன்னிக்கவும், எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. ரொம்ப மெதுவாக இல்லையா? (பெயர் எழுதவில்லை)

கையெழுத்தைப் பார்த்தாலே யாரென்று தெரிகிறது. ராத்திரி ஷிப்ட் முடித்து நேராக வந்தால் எந்தப் படத்துக்கும் தூக்கம் வரும். அடுத்த முறை ‘ஜானி’ போடுகிறேன். 1980, ரஜினி இரட்டை வேடம், ஒருவன் ஏமாற்றுக்காரன், ஒருவன் முடி திருத்துகிறவன். ஸ்ரீதேவி பாடகி அர்ச்சனா. அவளே தன் மனத்தைச் சொல்கிறாள், இவன் தயங்குகிறான், அவள் தன் தொழிலை நினைத்துத்தான் தயங்குகிறான் என்று எடுத்துக்கொண்டு படபடவென்று பேசிவிடுகிறாள். ஒரு அறை, இரண்டு பேர். அதில் தூங்கினால் உங்களை இனி எழுப்ப மாட்டேன்.

தேசிய விருது எதற்குக் கிடைத்தது? (ஐந்தாம் படிவ மாணவி, இரண்டாவது சீட்டு)

‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’, 1980ஆம் வருடப் படம். சிறந்த தமிழ்ப் படம், ஒளிப்பதிவுக்கு அசோக் குமார், ஒலிப்பதிவு என மூன்று. அசோக் குமாரிடம் கேமரா உதவியாளராக இருந்த சுஹாசினி அதில்தான் நடிகையானார். விடிகாலைப் பனியில் ஓடிக்கொண்டே வரும் ‘பருவமே’ பாட்டைக் கேள், ஓடுகிற காலடிச் சத்தமே தாளம்.

இவ்வளவு பெரிய ஆள் ஏன் இவ்வளவு குறைவாக எடுத்தார்? (லோரி ஓட்டுநர் மறுபடியும்)

மொத்தம் பன்னிரண்டு படம். அதில் முதல் எட்டும் 1978க்கும் 1982க்கும் நடுவில் வந்துவிட்டன. பிறகு 1984இல் ரஜினியோடு ‘கை கொடுக்கும் கை’, 1986இல் ‘கண்ணுக்கு மை எழுது’, 1992இல் ‘ஊர் பஞ்சாயத்து’, கடைசியாக ‘சாசனம்’. அதை தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் தயாரித்தது, வெகுநாள் கிடந்து 2006இல்தான் வெளியானது. பின்னால் வந்த படங்கள் எல்லாமே நன்றாக இருக்கின்றன என்று சொல்ல மாட்டேன். ‘ஊர் பஞ்சாயத்து’ கேசட்டை என் கடையில் இரண்டு பேர்தான் எடுத்தார்கள், அதில் ஒருவர் நான்.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். அவருக்கு சினிமா வேலையில் பெரிய ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. டூயட்டைப் பார்த்துச் சிரித்த அந்தக் கல்லூரிப் பையன் கடைசி வரை உள்ளே இருந்தான். அப்படிப்பட்டவரிடம் வருடத்துக்கு மூன்று படம் கேட்டால் கிடைக்குமா? ஆனால் மறக்கப்படவில்லை. உனக்கு யாருடைய இயக்கம் பிடிக்கும் என்று பாலசந்தரே ரஜினியிடம் கேட்டபோது, எதிரில் இருந்த குருவைச் சொல்லாமல் மகேந்திரன் என்றார் ரஜினி.

‘தெறி’ படத்து வில்லன் தாத்தாவும் இவரும் ஒருவரா?? (மாணவியின் தம்பி)

ஒருவரேதான். 2016இல் விஜய்க்கு வில்லனாக வந்தார். அங்கேயும் கத்தவில்லை, கவனித்தாயா? ‘பேட்ட’ படத்திலும் இருக்கிறார். விஜய் நடித்த ‘சச்சின்’ எடுத்த ஜான் மகேந்திரன் இவர் மகன்.

உங்களிடம் அந்தப் பழைய கேசட்டுகள் இன்னும் இருக்கின்றனவா? (மீ கடை அக்கா)

கடையை மூடும்போது முக்கால்வாசி எடைக்குப் போட்டேன். ‘உதிரிப்பூக்கள்’ மட்டும் வைத்திருக்கிறேன், ஓரத்தில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. நகலுக்கு நகல் எடுத்த கேசட், ஆற்றங்கரைக் காட்சியில் கோடு கோடாக ஓடும். போட்டுப் பார்க்கப் பெட்டிதான் இல்லை. யார் வீட்டிலாவது ஓடுகிற வி.சி.ஆர். இருந்தால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு வாருங்கள். இந்த முறை சாவியைப் பத்து மணிக்குக் கேட்டிருக்கிறேன்.