முத்திரையின் வயது கத்தியின் வயதல்ல

கேள்வி: என் தாத்தாவின் மடக்குச் சவரக்கத்தி ஒன்று என்னிடம் இருக்கிறது. அலகை ஒட்டிய தண்டில் இரண்டு மனித உருவங்களும் 'ஜே. ஏ. ஹென்கெல்ஸ்' என்ற பெயரும் உள்ளன. மறுபுறம் 'சோலிங்கன்', 'ஜெர்மனி' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. கைப்பிடி மங்கிய மஞ்சள் நிறம், யானைத் தந்தம் போல் தெரிகிறது. இந்த இரட்டையர் சின்னம் 1731-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று படித்தேன். அப்படியானால் கத்திக்கு ஏறத்தாழ முந்நூறு வயது என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ள முடியாது. நீங்கள் படித்த ஆண்டு சரிதான். பீட்டர் ஹென்கெல்ஸ் என்ற கொல்லர் 1731 ஜூன் 13 அன்று ஜெர்மனியின் சோலிங்கன் நகரக் கத்தித் தொழிலாளர் சங்கத்தில் இரட்டையர் சின்னத்தைப் பதிவு செய்தார். ஆனால் உங்கள் கத்தியில் சின்னத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெயர் ஜோஹன் ஆபிரகாம் ஹென்கெல்ஸ் என்பவருடையது. அவர் பிறந்ததே 1771-இல். தான் பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பே ஒருவர் தன் பெயரைக் கத்தியில் பொறித்திருக்க வழியில்லை.

பழைய சவரக்கத்திகளோடு வருபவர்களில் பெரும்பாலோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். நிறுவனம் தொடங்கிய ஆண்டு, பதக்கம் வாங்கிய ஆண்டு, சின்னம் பதிவான ஆண்டு ஆகிய எல்லாம் 'இதற்கு முன்பு செய்யப்பட்டிருக்காது' என்று மட்டுமே சொல்லும். ஆகவே கத்தியில் இருக்கும் தடயங்களிலேயே மிகப் பிந்திப் பிறந்தது எது என்று தேடுங்கள்; கத்தி அதற்கும் பிறகுதான் வந்திருக்கும்.

உங்கள் கத்தியில் அந்த வேலையைச் செய்வது, நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட 'ஜெர்மனி' என்ற ஒற்றைச் சொல். பிரிட்டன் 1887-இல் வணிகக் குறிச் சட்டம் ஒன்றை இயற்றியது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரக் கத்திகளைப் போலத் தோற்றம் காட்டி உள்ளே வந்த ஜெர்மன் கத்திகளின் மேல் இருந்த எரிச்சலும் அதற்கு ஒரு காரணம். அடுத்து, அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. அது 1891 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின்னரே 'இங்கிலாந்து', 'ஜெர்மனி' என்ற சொற்கள் தண்டுகளில் வழக்கமாயின. 'மேற்கு ஜெர்மனி' என்றிருந்தால் 1949-க்குப் பிந்தையது. ஊர்ப் பெயர் மட்டும் இருந்து நாட்டின் பெயர் இல்லாவிட்டால் 1891-க்கு முந்தையது என்று சிலர் உடனே முடிவு கட்டுகிறார்கள். அது அவசரம், உள்நாட்டிலேயே விற்கச் செய்த கத்திக்கு நாட்டின் பெயர் எதற்கு?

அலகின் வடிவமும் பேசும். பதினெட்டாம் நூற்றாண்டுக் கத்திகளுக்கு வால், அதாவது தண்டின் பின்முனையில் நீளும் பகுதி, கிடையாது, அல்லது குட்டையான ஒரு முனை மட்டும் இருக்கும். அலகு நுனியை நோக்கி அகன்று போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வால் நீண்டு, விரல் பதியும் வளைவாக மாறியது, அலகும் நேராகியது. குறுக்குவெட்டில் பார்த்தால் அவை ஆப்பு போல இருக்கும்: முதுகு தடித்து, பக்கங்கள் தட்டையாக. இருபுறமும் ஆழமாகக் குழித்து, நகத்தால் சுண்டினால் ஒலிக்கும் அளவுக்கு மெல்லியதாகச் சாணை பிடிப்பது அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. அதில் சோலிங்கன்காரர்களின் கை ஓங்கியிருந்தது. சிறிய சாணைச் சக்கரம்தான் அலகில் ஆழமாகக் குழி விழச் செய்யும். ஆனால் ஆப்பு வடிவம் அதோடு மறைந்துவிடவில்லை; கனமான அலகை விரும்பியவர்களுக்காக அது பின்னரும் செய்யப்பட்டது. அதனால் குழிந்த அலகு 'பிந்தையது' என்று சொல்வதை நம்பலாம். தட்டையான அலகு 'முந்தையது' என்று சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம்.

ஆங்கிலேயக் கத்தி கையில் கிடைத்தால் முதலில் மகுடத்தைத் தேடுங்கள். மகுடத்தோடு 'டபிள்யூ. ஆர்.' என்றிருந்தால் நான்காம் வில்லியம் ஆண்ட 1830 முதல் 1837 வரை; ஏழே ஆண்டுகள். காலம் கணிப்பவருக்கு இதைவிட நல்ல பரிசு அமையாது. 'வி. ஆர்.' என்றால் விக்டோரியா. 1837 முதல் 1901 வரை நீளும் அந்த ஆட்சி நமக்கு அதிகம் உதவாது. 'வார்ப்பு எஃகு' என்ற பொறிப்பு, 1740-களில் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் உருவாக்கிய மூசை எஃகை, அதாவது மண்கலத்தில் உருக்கி எடுத்த எஃகை, குறிப்பது. 'வெள்ளி எஃகு' என்றிருந்தால், மைக்கேல் ஃபாரடேயும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் 1820-ஐ ஒட்டி எஃகில் வெள்ளி கலந்து பார்த்த சோதனைகளுக்குப் பிறகு எழுந்த மோகம். பெரும்பாலும் பெயரில் மட்டும்தான் வெள்ளி.

இனி கைப்பிடி. அலகைவிடக் கைப்பிடியே அதிகம் பொய் சொல்லும், ஏனென்றால் உடைந்ததும் மாற்றிவிடுவார்கள். ஆணித் தலைகளை உருப்பெருக்கியால் பாருங்கள். சுத்தியால் தட்டி உருட்டிய சிறு குமிழும் அதன் அடியில் மெல்லிய வளையமும் இருந்தால் பழைய வேலை என்று நம்ப இடமுண்டு; திருகாணி இருந்தால் பின்னால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். தந்தமா என்பதை அறிய, முனைப்பக்கம் பாருங்கள். உண்மையான யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும். நேராகவும் ஒரே சீராகவும் கோடுகள் ஓடினால் அது தந்தம் போல வார்த்த செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக். விரலால் அழுத்தித் தேய்த்துச் சூடேறியதும் முகர்ந்து பாருங்கள், கற்பூர வாசனை வரலாம். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கும்படி யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். செல்லுலாய்டு குபீரென்று பற்றிக்கொள்ளும். அமெரிக்காவில் ஹையட் சகோதரர்கள் 1870 வாக்கில் காப்புரிமை பெற்ற பொருள் அது. எனவே அந்தக் கைப்பிடி எந்த வகையிலும் அதற்கு முந்தையதாக இருக்காது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், நாட்டின் பெயரை வைத்து உங்கள் கத்தி பெரும்பாலும் 1890-களுக்கும் 1940-களுக்கும் இடைப்பட்டது என்பேன். அலகு ஆழமாகக் குழிந்து, கைப்பிடியும் மாற்றப்படாத செல்லுலாய்டாக இருந்தால் கணிப்பு உறுதிப்படும். வரம்பை இன்னும் சுருக்க, தண்டில் 'டி. ஆர். ஜி. எம்.' என்ற எழுத்துகள் உள்ளனவா என்று பக்கவாட்டு வெளிச்சத்தில் தேடுங்கள். அது ஜெர்மனியில் 1891 முதல் 1945 வரை வழங்கிய வடிவமைப்புப் பதிவுக் குறி. தேடும்போது உப்புத்தாள் வேண்டாம். எழுத்துகளின் விளிம்பு போய்விட்டால் திரும்பி வராது. சில சொட்டு எண்ணெய் விட்டு மென்துணியால் துடைத்தால் போதும்.

இன்னொன்று, கைப்பிடி செல்லுலாய்டு என்று தெரிந்தால் கத்தியை மூடிய பெட்டியில் மற்றக் கத்திகளோடு வைக்காதீர்கள். நாள்பட்ட செல்லுலாய்டு சிதையும்போது வெளிவிடும் அமில ஆவி பக்கத்தில் இருக்கும் எஃகையெல்லாம் துருப்பிடிக்க வைக்கும். கைப்பிடிக்கு நேராக உள்ள இடத்தில் மட்டும் அலகில் செந்துரு படிந்திருந்தால் அது தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போது ஆணியைக் கழற்றி அலகைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.